மழைக்கு முன்னாடி வெளிய இருக்குற பூனைக்கு ஒரு வீடு செய்யணும், யோசனை சொல்லுங்க

வாசப்படி (முடிச்சூர்) – செப்டம்பர் 14

எல்லாருக்கும் வணக்கம். எங்க வாசல்ல ஒரு பொண்ணு பூனை ரெண்டு வருஷமா இருக்கு, சாம்பல் கலர், பேரு சாம்பு. குட்டியா வந்து கேட்டுக்கு வெளிய கத்திக்கிட்டு இருந்துச்சு, சாப்பாடு வச்சோம், அப்படியே தங்கிடுச்சு. கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சு, ஊசியெல்லாம் போட்டாச்சு. வீட்டுக்குள்ள மட்டும் விட முடியல, மாமனாருக்கு வீசிங், பூனை முடி பட்டா ராத்திரி பூரா உக்காந்தே இருப்பாரு. அதனால அது எங்க வீட்டுப் பூனைதான், ஆனா வெளியவே இருக்குற பூனை.

போன வருஷம் மழைல ரொம்ப கஷ்டப்பட்டுச்சு. ஒரு அட்டப்பெட்டி வச்சு மேல தார்ப்பாய் போட்டேன், ஒரே மழைல அட்ட கூழாயிடுச்சு, நனஞ்ச துணிமேலயே படுத்து சளி புடிச்சு கண்ணு மூக்கெல்லாம் ஒழுகி பத்து நாள் மருந்து குடுத்தோம். அந்த நடுக்கத்த இன்னொரு தடவ பாக்க என்னால முடியாது. இந்த வருஷம் ஐப்பசிக்குள்ள உருப்படியா ஒண்ணு செஞ்சுடணும்.

இடம்: மாடிப்படி வெளிப்பக்கமா போகுது, அதுக்கு அடியில முக்கோணமா காலியா இருக்கு. பயம் நாலு. சாரல், தண்ணி ஏறுறது (எங்க தெருவுல 2015லயும் வந்துச்சு, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் அப்பவும் வந்துச்சு), தெருநாய், எறும்பு. பட்ஜெட் 1500க்குள்ள. வீட்டுக்காரர்கிட்ட டிரில்லிங் மெஷின் இருக்கு, ஆனா மரவேலை ரெண்டு பேருக்குமே தெரியாது.


மீன்பெட்டி (ராயபுரம்) – செப்டம்பர் 14

அக்கா, மரமெல்லாம் வேணாம். மீன் வர்ற தெர்மகோல் பெட்டி இருக்குல்ல, பெரிய சைஸ், காசிமேட்டுல ஓரம் உடஞ்சத சும்மாவே தருவாங்க, முழுசா வேணும்னா கொஞ்சம் காசு. சுவர் ஒரு இஞ்சுக்கு மேல தடிமன் இருக்கும், அதுக்குள்ள பூரா சின்னச்சின்ன காத்துக்குமிழிதான், அதனால வெளிச்சூடு உள்ள போகாது உள்சூடு வெளிய போகாது. சோப்புப்பவுடர் போட்டு ரெண்டு தடவ கழுவி மூணு நாள் நல்ல வெயில்ல காய வையுங்க, கவுச்சி போயிடும். லேசா வாட மிச்சம் இருந்தா பூனைக்கு அது சந்தோஷம்தான், ஆனா எறும்புக்கும் சந்தோஷம், அதனால நல்லா கழுவுங்க.

மூடிய டேப் போட்டு ஒட்டிடாதீங்க, சுத்தம் பண்ண தொறக்கணும். சைக்கிள் டியூப வெட்டி பெல்ட் மாதிரி சுத்தி மாட்டுங்க. வெளிப்பக்கம் பழைய பிளெக்ஸ் பேனர் துணிய எழுத்து உள்பக்கம் போற மாதிரி சுத்துனா ஒரு சொட்டு தண்ணி எறங்காது. எங்க வீட்டுல இப்படி ஒண்ணு மூணு மழை தாங்கிடுச்சு.


தச்சுப்பட்டறை (கோவை) – செப்டம்பர் 14

தெர்மகோல் மட்டும் போதாதுங்க. பூனை நகத்துல பிராண்டும், துண்டு துண்டா உதிரும், சில பூனை அத மென்னு முழுங்கிரும், அப்புறம் கொடல்ல சிக்கும். தெர்மகோல உள்சுவரா வச்சு அதுக்கு வெளியவும் உள்ளயும் ஏதாச்சும் மூடாப்பு குடுத்துருங்க.

நான் சொல்றது பிளைவுட். முழு ஷீட் வாங்காதீங்க, பட்ஜெட் அங்கயே முடிஞ்சிரும். பிளைவுட் கடைல வெட்டுத்துண்டு ஒரு மூலைல கெடக்கும், அதுல 12 எம்எம் மெரைன் பிளை, அதாவது தண்ணி தாங்குற வகை, இருக்கான்னு கேளுங்க, மேல ஐஎஸ் 710னு சீல் இருக்கும். 303னு இருந்தா அது பெரும்பாலும் வீட்டுக்குள்ள போடுறது, மழைல ஏடு ஏடா பிரிஞ்சிரும். அளவு நீளம் 2 அடி, அகலம் ஒன்றரை அடி, உயரம் ஒன்றரை அடி, ஒரு பூனைக்கு இதுக்கு மேல வேண்டியதில்லைங்க. ஆசப்பட்டு பெருசா கட்டுனா அதோட ஒடம்புச் சூட்டால அந்த எடத்த வெதுவெதுப்பா வச்சுக்க முடியாது.

முக்கியமான விசயம் மூணு. வாசல் ஓட்டைய தரைமட்டத்துல போடாம மூணு இஞ்ச் மேல தூக்கிப் போடுங்க, சாரல் அடிச்சாலும் உள்ள ஓடாது. கூரை முன்பக்கம் உயரமா பின்பக்கம் தாழ்வா, நாலு பக்கமும் மூணு இஞ்ச் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும். கூரைய ஆணி அடிக்காம கீல் போட்டு தொறக்குற மாதிரி விடுங்க, துணி மாத்த கை போகாத பெட்டி ஒரு மாசத்துல நாறிப்போயிரும்.


மாடிவீடு (மதுரை) – செப்டம்பர் 15

தப்பா எடுத்துக்காதீங்க, பூனைய வெளிய வச்சிருக்கறதே தப்புன்னு நெனக்கிறவ நான். வண்டி, நாய், எலி மருந்து தின்ன எலி, எத்தன ஆபத்து. ஒரு ரூம மட்டுமாவது ஒதுக்குங்க. என் மூணு பூனையும் வாசல தாண்டுனதே இல்ல.


வாசப்படி – செப்டம்பர் 15

தப்பா எடுக்கல சிஸ், நீங்க சொல்றது சரிதான். ஆனா எங்களுது ரெண்டே ரூம் வீடு, மாமனாருக்கு 74 வயசு. அவருதான் தெனமும் காலைல சாம்புக்கு மீன் வைக்கிறாரு, வாசல்ல நின்னுக்கிட்டே வச்சுட்டு கை கழுவிட்டு உள்ள வந்துடுவாரு. ரெண்டு பேருமே எங்களுக்கு வேணும். அதுக்குத்தான் இந்த பெட்டி.


மாடிவீடு – செப்டம்பர் 15

புரியுது. பெரியவர நெனச்சா எனக்கே மனசு கேக்கல. சரி, அப்ப பெட்டிய நல்லா செய்யுங்க, என்னால முடிஞ்சத நானும் சொல்றேன். என் அனுபவத்துல துணி வெல்வெட், கம்பளி எதுவும் வேணாம், பழைய காட்டன் வேட்டி, நாலா மடிச்சது. ரெண்டு செட் வச்சுக்கிட்டு மாத்தி மாத்தி தொவையுங்க.


ஸ்கார்பரோ_அண்ணன் (டொரொன்டோ) – செப்டம்பர் 15

தங்கச்சி, இஞ்ச நாங்கள் ஒவ்வொரு குளிருக்கும் முன்னம் இப்பிடிப் பெட்டியள் செய்யிறனாங்கள். வெளியில திரியிற பூனையளுக்கு. பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒண்டு, அதுக்குள்ள சின்னப் பெட்டி, ரெண்டுக்கும் நடுவில தெர்மகோல், உள்ளுக்குள்ள வைக்கல். மைனஸ் 20 வரைக்கும் போற குளிர் இஞ்ச. துணியோ போர்வையோ ஒருக்காலும் போடமாட்டம், ஏனெண்டா துணி ஈரத்தைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு பிறகு உறைஞ்சு போகும், பூனையின்ர சூட்டை அதுவே உறிஞ்சிப்போடும். வைக்கல் தண்டு உள்ளுக்குள்ள வெறும் குழாய், ஈரம் நிக்காது, பூனை அதுக்குள்ள புதைஞ்சு படுக்கும். மாட்டுக்குப் போடுற காய்ஞ்ச புல்லு வேற, அது ஈரத்தை இழுக்கும், அதை மாறி வாங்கிப் போடாதேங்கோ. வாசல் 6 இஞ்ச் போதும், கிடாப்பூனை எண்டா 7.


குன்னூர்க்காரி (குன்னூர்) – செப்டம்பர் 15

அண்ணன் சொல்றது குளிர் ஊருக்கு நூத்துக்கு நூறு சரி. எங்க பக்கம் டிசம்பர் ஜனவரில உறைபனி விழும், காலைல புல்லு வெள்ளையா இருக்கும், நாங்களும் வைக்கோல்தான் போடுறோம். எங்களுக்கு இன்னொரு பிரச்சின சிறுத்தை, அதனால பெட்டியவே கம்பி வலை போட்ட கூண்டுக்குள்ள வச்சு சாயங்காலம் பூட்டிடுவோம்.

ஆனா வாசப்படி அக்கா, சென்னைல வைக்கோல் போடாதீங்க. கல்யாணம் ஆன புதுசுல ஆறு வருஷம் பெரம்பூர்ல இருந்தேன், போட்டுப் பாத்திருக்கேன். நம்ம நெல்லு வைக்கோல், அந்த அடைமழை காத்துல ஒரு வாரத்துல பூஞ்சணம் புடிச்சு கருப்பாயிடுச்சு, பூனைக்கு தும்மல் வந்துச்சு, உண்ணி வேற. சென்னை மழை ராத்திரி 22, 23 டிகிரி, அது பூனைக்கு குளிரே இல்ல. நனஞ்ச முடிதான் அங்க குளிரு. அதனால உங்களுக்கு ஈரம் வராம பாத்துக்கறதும் காத்து போறதும்தான் முதல் கவலையா இருக்கணும், தெர்மகோல் ரெண்டாவது. கூரைக்கு கீழ ரெண்டு பக்கமும் விரல் தடிமனுக்கு மூணு மூணு ஓட்ட போடுங்க, இல்லன்னா பூனை விடுற மூச்சே உள்ள வேர்த்து சொட்டும். அடித்தட்டுலயும் மூலைக்கு ஒரு சின்ன ஓட்ட, தப்பித்தவறி தண்ணி வந்தா வடியட்டும்.


ஸ்கார்பரோ_அண்ணன் – செப்டம்பர் 15

ஓம் ஓம், குன்னூர்ப் பிள்ளை சொல்லுறது சரி. நான் எங்கட குளிரை வைச்சுக் கதைச்சிட்டன். உங்கட ஊர் ஈரத்துக்கு மாத்தித் தோய்க்கக்கூடிய துணிதான் சரி.


வாசப்படி – செப்டம்பர் 16

ரொம்ப நன்றி எல்லாருக்கும், நோட்டுல எழுதிட்டு இருக்கேன். எறும்புக்கு என்ன பண்ணலாம்? சுத்தி எறும்பு சாக்பீஸ்ல கோடு போட்டா போதுமா? கீழ பினாயில் போட்டு தொடச்சா பூச்சி வராதுன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க.


கால்நடை_மூணாம்_வருஷம் (நாமக்கல்) – செப்டம்பர் 16

அக்கா ரெண்டுமே வேணாம், தயவுசெஞ்சு. அந்த சாக்பீஸ்ல இருக்கறது பைரெத்ராய்டு வகை பூச்சி மருந்து, சைபர்மெத்ரின் மாதிரி. மனுஷன், நாய் ஒடம்பு அத சமாளிச்சுக்கும், பூனையோட ஈரல்ல அத ஒடைக்கிற வேலை சரியா நடக்காது. கால்ல ஒட்டும், கால நக்கும், அப்புறம் கை கால் நடுக்கம், வலிப்பு வரைக்கும் போகும். நாய்க்கு முதுகுல விடுற பெர்மெத்ரின் சொட்டு மருந்த பூனைக்கு விட்டு உயிரே போறது இதனாலதான். பினாயில்லயும் அதே கதை, பீனால் வகை பூனைக்கு விஷம், ஈரத்தரைல நடந்துட்டு பாதத்த நக்குனா போதும். அந்துருண்டையும் கிட்டயே கொண்டுபோகக் கூடாது.

எறும்புக்கு பழைய வழிதான் நல்ல வழி. பெட்டிக்கு நாலு கால் குடுங்க, காலுக்கு நடுவுல ரெண்டு இஞ்ச் அகலத்துக்கு சுத்தி வாஸ்லின் தடவுங்க. எறும்பு தாண்டாது, பூனை நக்குனாலும் ஒண்ணும் ஆகாது. கிண்ணத்துல தண்ணி வச்சு அதுல கால நிறுத்தறதும் பண்ணலாம், ஆனா நம்ம ஊர்ல டெங்கு கொசு நல்ல தண்ணிலதான் முட்ட வைக்கும், நாலு நாளைக்கு ஒருக்கா கொட்டிட்டு தேச்சு கழுவணும், மறந்துட்டா உங்களுக்கே ஆபத்து. அதவிட வாஸ்லின் மேல். எல்லாத்துக்கும் மேல, பெட்டிக்குள்ள சாப்பாடு வைக்கவே கூடாது.


மீன்பெட்டி – செப்டம்பர் 16

நான் எங்க பெட்டிய சுத்தி அந்த சாக்பீஸ்தான் போட்டுட்டு இருந்தேன். ஒண்ணும் ஆகல, ஆனா இப்ப படிச்சதும் பக்குனு ஆயிடுச்சு. இப்பவே போய் கழுவிட்டேன். நன்றி தம்பி.


இரவுக்காவல் (ஆவடி) – செப்டம்பர் 16

ஒரு விஷயத்த யாரும் பேசல. வாசல் ஒண்ணா ரெண்டா? என் அனுபவம், ரெண்டு வேணும். நாய் முன்னாடி வந்து நின்னா பின்னாடி வழியா ஓடணும். மழைல சாரைப்பாம்பு கூட காஞ்ச எடம் தேடி வரும், அப்ப ஒரே வாசல்னா பூனை உள்ள மாட்டிக்கும்.


தச்சுப்பட்டறை – செப்டம்பர் 16

ரெண்டு வாசல் வச்சா காத்து இப்படி பூந்து அப்படி போகுங்க, சாரலும் கூடவே வரும். 6 இஞ்ச் ஓட்டைல எந்த தெருநாயும் நுழையாது. பெட்டிய நெலத்துல வைக்காம உயரத்துல வச்சா பாதிப் பிரச்சின தீந்துச்சு.


இரவுக்காவல் – செப்டம்பர் 16

நாய் நுழையாது, ஆனா மூக்க உள்ள விட்டு ராத்திரி பூரா உறுமும். அந்தப் பூனை அப்புறம் அந்த பெட்டி பக்கமே வராது. நான் பாத்தத சொல்றேன். உயரத்துல வைக்க முடிஞ்சா ஒரு வாசல் போதும், தரைல வச்சா ரெண்டு. இதுல நான் மாற மாட்டேன்.


வாசப்படி – செப்டம்பர் 29

செஞ்சாச்சு! ரெண்டு ஞாயித்துக்கெழம ஆச்சு. வெட்டுத்துண்டு மெரைன் பிளை கெடச்சுது, கடைக்காரரே அளவுக்கு அறுத்தும் குடுத்துட்டாரு. பிளை, கீல், ஸ்குரூ, சிலிக்கான், வெளிய அடிக்க பெயிண்ட் எல்லாம் சேத்து 1340 ரூபா. தெர்மகோல் மீன்பெட்டி தம்பி சொன்ன மாதிரி காசிமேட்டுல சும்மா கெடச்சுது, அத பலகையா அறுத்து உள்சுவர்ல வச்சு அதுக்கு மேல பிளெக்ஸ் துணிய இறுக்கி ஸ்டேப்ளர் பின் அடிச்சோம், பின் ஒண்ணும் வெளிய துருத்தாம ஒவ்வொண்ணா கைய வச்சு தடவிப் பாத்தேன். வாசல் 6 இஞ்ச், மூணு இஞ்ச் தூக்கி. படிக்கு அடியில நாலு ஹாலோ பிளாக் மேல வச்சிருக்கோம்.

ஆனா நாலு நாளா சாம்பு உள்ள போகவே இல்ல. மோந்து பாக்குது, திரும்பிடுது. நேத்து நானே தூக்கி உள்ள விட்டேன், வெடுக்குனு வெளிய வந்து கொல்லப்பக்கம் ஓடிடுச்சு, அப்புறம் ராத்திரி வரைக்கும் என் பக்கமே வரல. எனக்கு அழுகையே வந்துடுச்சு. என்ன தப்பு பண்ணேன்?


மாடிவீடு – செப்டம்பர் 29

தூக்கி உள்ள விடாதீங்க சிஸ், இனிமே ஒரு தடவகூட. அதுக்கு அது பொறி மாதிரி தோணும். பெயிண்ட் வாட, சிலிக்கான் வாட ரெண்டும் நமக்கு தெரியாம போனாலும் அதுக்கு ஒரு வாரம் இருக்கும். கூரைய தொறந்து வெயில்ல வையுங்க. அது வழக்கமா படுக்குற சாக்கு, துணி எதாவது இருந்தா தொவைக்காம அப்படியே உள்ள போடுங்க.


திண்ணை (அம்பாசமுத்திரம்) – செப்டம்பர் 29

எல்லாம் படிச்சேன் தாயி. பெட்டி நல்லாத்தான் இருக்கும், அதுல கொறையே இல்ல. நான் ஒண்ணு கேக்கேன். மழ வரும்போது இப்ப அந்தப் பூனை எங்க போய் உக்காருது? ஒரு தடவ பாத்துட்டு வந்து சொல்லும்மா. எங்க வீட்டுல அம்பது வருசமா பூன இருக்கு, ஒண்ணுக்கும் நாங்க எடம் காட்டுனதில்ல, அதுதான் எங்களுக்கு எடம் காட்டும். நெல்லுக்குதிருக்கு மேல ஒண்ணு, பரண்ல ஒண்ணு, பெறவு ஒண்ணு தொழுவத்துல மாட்டுக்கு பக்கத்துல. அது உக்காந்திருக்க எடத்துல கொண்டுபோயி பெட்டிய வையி, வாசல்ல நின்னு கூப்புட வேண்டியதே இல்ல.


வாசப்படி – அக்டோபர் 2

ஐயா, நேத்து சாயங்காலம் நல்ல மழை. ஜன்னல்லயே நின்னு பாத்தேன். படிக்கு அடியில போகல. படியேறி நடுவுல திரும்புற எடத்துல சின்னதா ஒரு தளம் இருக்கு, மேல சன்ஷேடு, அங்க மாமனாரோட பழைய மர ஸ்டூல் ஒண்ணு கெடக்கு, அதுக்கு மேல சுருண்டு படுத்திருக்கு. தரைலேர்ந்து ஆறு அடி. அங்கேர்ந்து கேட்டும் தெரியுது, பக்கத்து வீட்டு நாயும் தெரியுது, எங்க சமையக்கட்டு ஜன்னலும் தெரியுது. படிக்கு அடியில நானே குனிஞ்சு உக்காந்து பாத்தேன், ஒண்ணுமே தெரியல, மூணு பக்கமும் சுவரு, மேல யாராவது படியேறுனா தொம் தொம்னு சத்தம்.

இத்தன நாளா அது தெனமும் அங்கதான் படுத்திருக்கு. நான் பாக்கவே இல்ல. 2015ல தண்ணி நின்ன கறை எங்க சுவத்துல நாலு அடிக்கு இன்னும் இருக்கு, அந்தத் தளம் அதுக்கும் மேல.


இரவுக்காவல் – அக்டோபர் 2

அங்கயே வையுங்க. ஒரு வாசல் போதும். வாசல சுவர் பக்கமா திருப்பி சுவருக்கும் பெட்டிக்கும் நடுவுல ஒரு அடி இடைவெளி விடுங்க, வடகிழக்கு பக்கத்துலேர்ந்து அடிக்கிற சாரல் நேரா உள்ள வராது. மறக்காம கிரில்லோட சேத்து கட்டுங்க, புயல் காத்துல பெட்டியோட கீழ போயிடும்.


வாசப்படி – அக்டோபர் 11

கட்டியாச்சு. ஜிஐ கம்பி போட்டு ரெண்டு எடத்துல. ஸ்டூல எடுக்கல, அது மேலயே பெட்டிய வச்சு அடியில ஸ்குரூ அடிச்சாச்சு, அதனால கால் தனியா செய்யவே தேவைப்படல, ஸ்டூல் கால்லயே வாஸ்லின். உள்ள மாமனாரோட பழைய வேட்டி. மொத ரெண்டு நாள் பெட்டிக்கு மேல படுத்துச்சு. மூணாவது நாள் தலைய மட்டும் உள்ள விட்டுச்சு. நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச் அடிச்சு பாத்தா ஓட்டைக்குள்ள ரெண்டு கண்ணு மின்னுது. வீட்டுக்காரர எழுப்பி காட்டுனேன், மாமனாரும் எழுந்து வந்துட்டாரு, மூணு பேரும் சத்தம் போடாம படில நின்னு பாத்துட்டு வந்தோம்.


மீன்பெட்டி – அக்டோபர் 11

அக்கா சூப்பர்! படிக்கும்போதே கண்ணு கலங்கிடுச்சு.


கால்நடை_மூணாம்_வருஷம் – அக்டோபர் 11

நல்ல சேதி அக்கா. ஒண்ணு மட்டும், மழைக்காலத்துல கார் எடுக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் பானட்ட ரெண்டு தட்டு தட்டுங்க. இப்படி எடம் கெடைக்காத பூனைங்க இன்ஜின் சூட்டுக்கு உள்ள ஏறி படுத்துக்கும்.


வாசப்படி – நவம்பர் 30

மூணு நாளா விடாத மழை, தெருவுல முழங்காலுக்கு தண்ணி, கரண்ட் ரெண்டு நாள் இல்ல. பெட்டிக்குள்ள கை விட்டு பாத்தேன், வேட்டி காஞ்சே இருக்கு. கூரை கீல் பக்கம் மட்டும் லேசா கசிவு, உள்ள வரல, மழை விட்டதும் ஒரு துண்டு பிளெக்ஸ் மேல அடிக்கணும். கீல் போடுறவங்க அந்த எடத்துல மொதல்லயே ஒரு ஓரம் தொங்கவிட்டுடுங்க, அத நான் செய்யாம விட்டுட்டேன். காத்தோட்ட ஓட்டை போட்டது நல்லதாப் போச்சு, வேர்வையே இல்ல. சாம்புக்கு இந்த தடவ ஒரு தும்மல்கூட இல்ல.

நேத்து ராத்திரி இன்னொரு கருப்புப் பூனை, யாரோடதுன்னு தெரியல, சொட்டச் சொட்ட நனஞ்சு வந்து படில நின்னுச்சு. சாம்பு உறுமுச்சு, உள்ள விடல. அதுவும் விட்டுப் போகல, ஸ்டூலுக்கு அடியில, பெட்டிக்கு கீழ இருக்குற எடத்துல சுருண்டுக்கிச்சு. அங்க ஒரு சாக்கு போட்டு சுத்தி பிளெக்ஸ் கட்டி விட்டேன்.


உப்பளம் (தூத்துக்குடி) – டிசம்பர் 3

இப்பதான் இந்த இழைய பூரா படிச்சேன். எங்க ஊர்ல மழை கம்மி, வெயில்தான் கொல்லும். இதே பெட்டி வெயிலுக்கு ஆகுமா? தகரக்கூரை போடலாம்னு இருக்கேன்.


குன்னூர்க்காரி – டிசம்பர் 3

தகரம் வேணவே வேணாம், சித்திரைல உள்ள அடுப்பு மாதிரி ஆயிடும். பிளை கூரைக்கு மேல நாலு இஞ்ச் இடைவெளி விட்டு தென்னங்கீத்து போடுங்க, நடுவுல காத்து ஓடணும்.


திண்ணை – டிசம்பர் 3

வெயிலுக்கு பெட்டியே வேண்டாம் தம்பி. ஓரம் ஒடஞ்ச பெரிய மண்பானை இருந்தா வேப்பமரத்து நெழல்ல படுக்க வச்சு பாதிய மண்ணுல பொதச்சிரு, சுத்தி காலையில ஒரு சொம்பு தண்ணி ஊத்து. மத்தியானம் பூன அதுக்குள்ளதான் கெடக்கும்.


உப்பளம் – டிசம்பர் 4

பானை வீட்டுலயே இருக்கு, ஆச்சியோடது. ஞாயித்துக்கெழம பொதச்சிடுறேன். மழைக்கு பெட்டியும் செய்றேன். அக்கா, உள்பக்கம் என்ன பெயிண்ட் அடிச்சீங்க?


வாசப்படி – டிசம்பர் 4

உள்பக்கம் எதுவுமே அடிக்கல தம்பி, அடிக்காதீங்க. அறுக்கறதுக்கு முன்னாடி பத்து நாள் உங்க பூனை எங்க படுக்குதுன்னு பாத்து எழுதி வையுங்க. அந்த எடத்துல டேப் வச்சு அளந்துட்டு அப்புறமா கடைக்கு போங்க.